விற்றுமுதல் என்னும் பொய்க்கோல்

ஃபார்ச்சூன் இதழின் 2023 உலக 500 பட்டியலில் இந்தியன் ஆயில் நிறுவனம் 142ஆம் இடத்திலிருந்து 94ஆம் இடத்துக்குத் தாவியது. ஒரே ஆண்டில் 48 படி. செய்தித்தாள்கள் அதை ஏற்றம் என்றே எழுதின. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான 2022-23 நிதியாண்டில் அந்த நிறுவனத்துக்கு உண்மையில் நடந்தது வேறு. முந்தைய ஆண்டில் ரூ.24,184 கோடியாக இருந்த நிகர லாபம் ரூ.8,242 கோடியாகச் சுருங்கியது. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை எகிறியிருந்தது. இங்கே பங்கில் பெட்ரோல், டீசல் விலையை ஏற்றாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நேரடியாகவே நஷ்டம். சமையல் எரிவாயுவில் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து மத்திய அரசு ரூ.22,000 கோடி கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் பட்டியல் பார்க்கும் ஒரே எண்ணான விற்றுமுதல் ரூ.7.28 லட்சம் கோடியிலிருந்து ரூ.9.35 லட்சம் கோடியாகிவிட்டது. சரக்கின் விலை ஏறினால் விற்றுமுதல் ஏறத்தானே செய்யும்? ஆக, அடிபட்ட ஆண்டில் 48 படி உயர்வு.

இதை ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ள முடியாது என்பதுதான் என் வாதம். ஒரு நிறுவனம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு விற்றுமுதலைப் பதிலாகச் சொல்லும் பழக்கம் வேரிலேயே பிழையானது. அந்த எண், நிறுவனத்தின் வழியாக எவ்வளவு பணம் கடந்துபோனது என்பதைச் சொல்லும். கடந்துபோனதில் எவ்வளவு அந்த நிறுவனத்தின் உழைப்பு, எவ்வளவு அடுத்தவன் சரக்கின் விலை என்று அது சொல்லாது. பட்டியலோ இரண்டையும் ஒன்றாக்கி, ஒருவரைப் பெரியவர் என்றும் மற்றவரைச் சிறியவர் என்றும் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதங்கள் எனக்குத் தெரியும். லாபத்தைக் கணக்கில் வளைக்கலாம், விற்பனையை வளைக்க முடியாது. பங்குச் சந்தை மதிப்பு வாரத்துக்கு வாரம் ஆடும், விற்பனை ஆடாது. சீன அரசு நிறுவனமானாலும் பட்டியலிடப்படாத தனியார் குழுமமானாலும் விற்பனை எண் ஒன்று இருக்கும், எனவே எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தலாம். மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன், அது வசதிதான். வசதியாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு எண் நாம் கேட்ட கேள்விக்குப் பதிலாகிவிடாது. இரண்டாவதற்கு இந்தியன் ஆயில் கதையே போதும். முதலாவதற்குப் பிறகு வருகிறேன்; அதில் சுவாரசியம் அதிகம்.

இந்தப் பழக்கம் தொடங்கிய இடத்தில் அது அவ்வளவு அபத்தமாக இல்லை. 1955இல் ஃபார்ச்சூன் முதன்முதலாக அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களை விற்பனைப்படி வரிசைப்படுத்தியபோது ஜெனரல் மோட்டார்ஸ் முதலிடத்தில் இருந்தது. விற்பனை சுமார் 980 கோடி டாலர். அந்தப் பட்டியலில் உற்பத்தி, சுரங்கம், எண்ணெய் ஆகிய தொழில்களில் இருந்தவர்களுக்கு மட்டுமே இடம். வங்கி, காப்பீடு, ரயில், சில்லறைக் கடை எதுவும் கிடையாது. அன்றைய தொழிற்சாலைகள் உதிரிபாகத்தில் பெரும்பகுதியைத் தாமே செய்தன. ஏறத்தாழ ஒரே மாதிரி இயங்கிய ஆலைகளை விற்பனையை வைத்து ஒப்பிட்டதில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், சேவை நிறுவனங்களையும் அதே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அளவுகோல் மட்டும் மாறவில்லை. கடைக்காரர், மொத்த வியாபாரி, வங்கி, காப்பீட்டு நிறுவனம், ஆலை முதலாளி எல்லாரும் ஒரே கோட்டில் நின்றார்கள். அங்கேதான் கோணல்.

விளைவை அமெரிக்காவின் 2024 பட்டியலிலேயே பார்க்கலாம். மெக்கெஸன் அங்கே ஒன்பதாம் இடத்தில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்குப் பின்னால். மெக்கெஸன் செய்வது மருந்து மொத்த விநியோகம். மருந்துக் கம்பெனிகளிடம் வாங்கி மருந்துக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்புகிறது. அந்த ஆண்டில் அதன் விற்றுமுதல் ஏறத்தாழ 30,900 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 300 கோடி. நூறு டாலருக்கு ஒரு டாலர்தான் மிச்சம். லாபத்தைச் சொல்லி அதைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமில்லை. மெல்லிய லாபத்தில் பெரிய வலைப்பின்னலை நடத்துவது சாமர்த்தியம்தான். ஆனால் அந்த 30,900 கோடியில் 95 சதவீதத்துக்கும் மேல் வேறு நிறுவனங்கள் கண்டுபிடித்த, வேறு ஆலைகள் தயாரித்த மருந்துகளின் விலை. ஒரு புதிய மருந்தின் விலையை அதன் தயாரிப்பாளர் இரட்டிப்பாக்கினால், அதே பெட்டியை அதே லாரியில் ஏற்றி அனுப்பும் மெக்கெஸன் பட்டியலில் ஏறும்.

வால்மார்ட்டும் அப்படித்தான். 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 64,800 கோடி டாலர். அதில் சுமார் 49,000 கோடி, அலமாரியில் அடுக்கிய சரக்குக்கு அது பிறருக்குக் கொடுத்த விலை. மிச்சம் 15,800 கோடி. அதுவும் சாதாரணத் தொகை இல்லை. வால்மார்ட் பெரிய நிறுவனம் என்பதை யார் மறுத்தார்கள்? 64,800 அளவுக்குப் பெரியது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இந்தியாவுக்கு வருவோம். முதலில் சொன்ன 2023 உலகப் பட்டியலில் எட்டு இந்திய நிறுவனங்கள் இருந்தன. ரிலையன்ஸ், இந்தியன் ஆயில், எல்ஐசி, ஓஎன்ஜிசி, பாரத் பெட்ரோலியம், ஸ்டேட் வங்கி, டாடா மோட்டார்ஸ். எட்டாவதாக, 353ஆம் இடத்தில், பெங்களூருவின் ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ். டிசிஎஸ் இல்லை. ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ் தங்கம் சுத்திகரித்து விற்கும் நிறுவனம். 2015இல் சுவிட்சர்லாந்தின் வால்காம்பி சுத்திகரிப்பு ஆலையை வாங்கியது. 2022-23இல் அதன் விற்றுமுதல் சுமார் ரூ.3.4 லட்சம் கோடி, நிகர லாபம் ஏறத்தாழ ரூ.1,430 கோடி. டிசிஎஸ்ஸின் விற்றுமுதல் ரூ.2.25 லட்சம் கோடி, நிகர லாபம் ரூ.42,000 கோடிக்கும் மேல், ஊழியர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். தங்கத்தைச் சுத்திகரிப்பவர் உலையில் போடும் உலோகத்தின் முழு விலையும் அவர் விற்றுமுதலில் ஏறிவிடுகிறது. அவர் சேர்த்தது சுத்திகரிப்புக்கான கூலியும் வியாபார வித்தியாசமும்தான். இதில் அந்த நிறுவனத்தின் தவறு எதுவும் இல்லை. அதன் தொழிலின் இயல்பு அது. அந்த இயல்பைப் பொருட்படுத்தாமல் அதை டிசிஎஸ்ஸுக்கு மேலே வைத்ததுதான் தவறு.

காப்பீட்டில் இன்னொரு வினோதம். எல்ஐசியின் வருவாயில் பெரும்பகுதி பிரீமியம். நம் ஊரில் எல்ஐசி பாலிசி எடுக்கிறவர் பெரும்பாலும் சேமிப்பதற்காக எடுக்கிறார். முதிர்வுக் காலத்தில் போனஸோடு திரும்ப வரப்போகிற பணம் அது. வங்கியில் போட்ட வைப்புத்தொகையை யாரும் வங்கியின் வருவாய் என்று சொல்வதில்லை. அதே பணம் பாலிசியானால் வருவாயாகிறது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கணக்கியல் தரம், காப்பீட்டு வருவாயிலிருந்து இந்தச் சேமிப்புப் பகுதியை வெளியே எடுக்கச் சொல்கிறது. கணக்கு எழுதுகிறவர்களுக்கே உறுத்தியிருக்கிறது.

கணக்கு முறை மாறினால் வரிசையே கலைந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 1995இல் சேவை நிறுவனங்களையும் சேர்த்து வந்த முதல் உலகப் பட்டியலில் முதல் நான்கு இடங்களும் ஜப்பானிய வணிக நிறுவனங்களுக்கே: மிட்சுபிஷி, மிட்சுயி, இடோச்சு, சுமிடோமோ. ஜெனரல் மோட்டார்ஸ் ஐந்தாவதுதான். மிட்சுபிஷியின் பெயரில் 17,580 கோடி டாலர் காட்டப்பட்டது. உலகமே ஜப்பானைப் பார்த்து மிரண்டிருந்த காலம் அது. இந்தப் பட்டியல் அந்த மிரட்சிக்கு எண்ணெய் வார்த்தது. அந்த நிறுவனங்கள் செய்த வேலையில் பெரும்பங்கு, நிலக்கரியையும் எஃகையும் தானியத்தையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி இடையில் ஒரு சிறு கமிஷன் எடுப்பது. கோயம்பேட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர் தன் வழியாக இறங்கிய அத்தனை லாரி தக்காளியின் விலையையும் தன் சம்பாத்தியமாகச் சொன்னால் பக்கத்து மண்டிக்காரரே சிரிப்பார். ஜப்பானிய மண்டிகளின் கணக்கை மட்டும் யாரும் சிரிக்காமல் அச்சடித்தார்கள். பிறகு, முகவராக நின்று கைமாற்றும் பேரங்களில் கமிஷனை மட்டுமே வருவாயாகக் காட்ட வேண்டும் என்ற முறை வலுப்பட்டது. அவர்கள் உச்சியிலிருந்து இறங்கினார்கள். யாரும் கடையை மூடவில்லை. இன்றும் அவை பெரிய, செழிப்பான நிறுவனங்கள்.

ஒரே பொருள் பல முறை எண்ணப்படுவதும் இதோடு சேர்ந்த நோய். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஒரு ஐபோன் உருவாகிறது. அதற்குள் இருக்கும் சிப்பை தைவானின் டிஎஸ்எம்சி செய்து விற்றபோது அதன் விலை டிஎஸ்எம்சியின் விற்றுமுதலில் ஏறியது. அதே விலை பாகங்களின் செலவோடு சேர்ந்து ஃபாக்ஸ்கானின் விற்றுமுதலுக்குள்ளும் வரலாம். ஆப்பிள் போனை விற்கும்போது எல்லாம் மொத்தமாக ஆப்பிளின் விற்றுமுதலில் மறுபடி ஏறுகிறது. 2023இல் ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனமான ஹொன் ஹாயின் விற்றுமுதல் 6.16 லட்சம் கோடி தைவான் டாலர்; டிஎஸ்எம்சியுடையது 2.16 லட்சம் கோடி. ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். லாபத்தில் நேர் எதிர்: டிஎஸ்எம்சியின் லாபம் ஹொன் ஹாயைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு. உலகத்தில் யாராலும் எளிதில் செய்ய முடியாத சிப்பைச் செய்கிறவர், அதைப் பலகையில் பொருத்துகிறவருக்கு வெகு கீழே நிற்கிறார். பொருத்தும் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த ஆலையில் நிற்கும் பெண்களின் உழைப்பு கடுமையானது. அந்தப் பட்டியல் அவர்களுடைய உழைப்பையும் அளக்கவில்லை என்பதுதான் விஷயம். அவர்கள் கூலி இரட்டிப்பானாலும் அந்த எண் பெரிதாக அசையாது. கண்ணாடியின் விலையோ நினைவகச் சிப்பின் விலையோ ஏறினால் அசையும்.

இப்போது "விற்பனையை வளைக்க முடியாது" என்ற வாதம். அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 1996இல் 1,330 கோடி டாலர் வருவாய் காட்டியது. 2000இல் 10,080 கோடி. நான்கே ஆண்டுகள். மின்சாரம், எரிவாயு ஒப்பந்தங்களை வாங்கி விற்றபோது இடைவித்தியாசத்தை மட்டும் எழுதாமல் ஒப்பந்தத்தின் முழுத் தொகையையும் வருவாயாக எழுதியது இதில் பெரும்பங்கு வகித்தது. வால் ஸ்ட்ரீட் தரகு நிறுவனங்கள் அதே மாதிரி வியாபாரத்தில் வித்தியாசத்தை மட்டுமே எழுதின. 2001 பட்டியலில் என்ரான் அமெரிக்காவின் ஏழாவது பெரிய நிறுவனம். அந்த டிசம்பரிலேயே திவால் மனு. கதை இதோடு முடியவில்லை: 2002 பட்டியலில் அது ஐந்தாம் இடத்துக்கு ஏறியது! முதல் ஒன்பது மாத வருவாயை மட்டும் வைத்தே அந்த இடம் கிடைத்துவிட்டது. செத்துப்போன நிறுவனத்தை இரண்டு படி உயர்த்திய ஓர் அளவுகோலைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல?

அதிலாவது மோசடி இருந்தது என்பார்கள். குரூப்பான் விஷயத்தில் வெறும் கணக்கு முறைதான். 2011இல் பங்கு வெளியீட்டுக்குத் தயாரான அந்தத் தள்ளுபடிக் கூப்பன் நிறுவனம் 2010ஆம் ஆண்டு வருவாயாக 71.34 கோடி டாலர் காட்டியிருந்தது. கடைக்காரருக்குப் போகும் பங்கையும் தன் வருவாயாக எழுதியிருந்தது. திருத்தி எழுதியபோது அது 31.29 கோடியானது. ஒரு கூப்பன்கூடக் குறையவில்லை. இங்கே, 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் பலருக்கும் நினைவிருக்கும். ஒரு காலாண்டு வருவாய் ரூ.2,700 கோடி என்று காட்டியிருந்தது, உண்மையில் ரூ.2,112 கோடிதான் என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். லாபத்தை ஊதிக்காட்ட விற்பனையைத்தான் ஊதியிருந்தார்கள். போலி இன்வாய்ஸ் அடிக்க ஒரு கணினியும் துணிச்சலும் போதும்.

பட்டியலோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விடலாம். இதே எண்ணை எடுத்துக்கொண்டு "வால்மார்ட் ஒரு நாடாக இருந்தால்" என்று தொடங்கும் கட்டுரைகள் தமிழிலும் வந்துகொண்டே இருக்கின்றன. பெருநிறுவனங்களின் அதிகாரத்தை எதிர்ப்பவர்கள்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள்; அவர்கள் பக்கம் எனக்கு அனுதாபமும் உண்டு. ஆனாலும் இது தப்புக் கணக்கு. 2000இல் வாஷிங்டனின் கொள்கை ஆய்வுக் கழகம் ஒன்று, உலகின் 100 பெரிய பொருளாதாரங்களில் 51 நிறுவனங்கள், 49 நாடுகள் என்று அறிவித்தது. நாட்டுக்கு ஜிடிபி, நிறுவனத்துக்கு விற்றுமுதல். ஜிடிபியில் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேர்ந்த மதிப்பு மட்டுமே எண்ணப்படும். கோதுமை, மாவு, ரொட்டி மூன்றின் விலையையும் கூட்டமாட்டார்கள். விற்றுமுதலில் மூன்றும் கூடிவிடும். பெல்ஜியப் பொருளியலாளர் பால் டி கிராவ், பிலிப் காமர்மன் இருவரும் 2002இல் நிறுவனங்களுக்கும் கூட்டிய மதிப்பையே வைத்துக் கணக்கிட்டபோது 51 என்பது 37 ஆனது. முப்பத்தேழும் கவலைப்பட வேண்டிய எண்தான். அதைச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

சரி, பங்குச் சந்தை மதிப்பைப் பிடித்துக்கொள்ளலாமா என்றால், எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. அது நாளைய லாபத்தைப் பற்றிய இன்றைய பந்தயம். லாபத்தை மட்டும் பார்த்தால், ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு ஒரு மோசமான ஆண்டில் நஷ்டம் காட்டும் ஆலை, எண்ணுக்கே வராமல் போய்விடும்.

இந்தப் பிழை பெரிய இடத்து விளையாட்டு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் அரசும் இதே கோலால்தான் சிறு தொழில்களை அளக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் முதலீட்டு வரம்போடு சேர்த்து, ஆண்டு விற்றுமுதல் ரூ.10 கோடி வரை இருந்தால் குறுநிறுவனம், ரூ.100 கோடி வரை சிறு நிறுவனம், ரூ.500 கோடி வரை நடுத்தர நிறுவனம். கோவையில் இரண்டு நகைப் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் ஆசாரிகள், ஒரே மெஷின்கள், மாதம் ஒரே எடை நகை. ஒருவர் கடைக்காரர் கொடுக்கும் தங்கத்தை வாங்கிக் கூலிக்கு நகை செய்து கொடுக்கிறார்; அவர் விற்றுமுதல் வெறும் கூலிதான். மற்றவர் தானே தங்கம் வாங்கி, நகை செய்து, விலைக்கு விற்கிறார். முன்னவர் குறுநிறுவனம். பின்னவர் சிறு நிறுவனம், சில சமயம் நடுத்தரமும்கூட. 2024 தொடக்கத்திலிருந்து 2025 இறுதிக்குள் தங்கம் விலை இரட்டிப்பானது. ஒரு கிராம்கூட அதிகம் செய்யாமலே இரண்டாமவர் வரம்பைத் தாண்டலாம். குறுநிறுவனங்களுக்கென்று ஒதுக்கிய சலுகைகளும் அதோடு போகலாம். அரசு டெண்டர்களிலும் "கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல் இவ்வளவு" என்ற நிபந்தனை வாடிக்கை. விலையுயர்ந்த சரக்கை வாங்கி விற்றவர் அதில் எளிதாகத் தேறுவார்; சொந்தத் திறமையை விற்றவர் வாசலிலேயே நிற்பார்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? கூட்டிய மதிப்பை வைத்து. விற்றதிலிருந்து பிறரிடம் வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவது. அந்த எண்ணிலும் ஓட்டைகள் உண்டு. உதாரணமாக, வெளிநாட்டுக் கிளைக்கு லாபத்தை நகர்த்தலாம். ஆனாலும் நாம் கேட்கும் கேள்விக்கு அதுதான் நேரான பதில். பிரிட்டன் அரசின் வணிகத்துறை 2000களில் நிறுவனங்களை இந்த அடிப்படையில் வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டது. முடியாத காரியம் இல்லை.

தரவு கிடைக்காது என்ற சாக்கும் இந்தியாவில் செல்லாது. 2013 நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி லாப-நட்டக் கணக்கில் ஊழியர் செலவு, வட்டி, தேய்மானம், வரிக்கு முந்தைய லாபம் எல்லாம் தனித்தனி வரியாக அச்சாக வேண்டும். இந்த நான்கையும் கூட்டினால் கூட்டிய மதிப்பு ஏறத்தாழ வந்துவிடும். வணிகப் பக்கம் எழுதும் நிருபருக்கு ஒரு கால்குலேட்டரும் ஐந்து நிமிடமும் போதும். 2022-23இல் டிசிஎஸ்ஸுக்கு ஊழியர் செலவு சுமார் ரூ.1.27 லட்சம் கோடி, வரிக்கு முந்தைய லாபம் ரூ.57,000 கோடியை ஒட்டி; தேய்மானமும் வட்டியும் சேர்த்தால் மொத்தம் ரூ.1.9 லட்சம் கோடி. உலக 500இல் இடம்பிடித்த ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸுக்கு இதே கூட்டலைப் போட்டால் சில ஆயிரம் கோடிக்குள் முடிந்துவிடுகிறது.